மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது: பழைய 3913 பிஸ்டல் பற்றி ஒரு வாசகிக்கு

கேள்வி: ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வயது 47, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. வாரத்தில் மூன்று நாள் இரவு கடையைப் பூட்டிவிட்டுக் கடைசியாகக் கிளம்புவது நான்தான். வாகனம் நிறுத்துமிடத்தில் இரண்டு முறை ஆட்கள் பின்தொடர்ந்தார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெறும் பெரியவர் ஒருவர் தன்னுடைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 3913 பிஸ்டலை இரண்டு மேகசினோடு (தோட்டா நிரப்பிக் கைப்பிடிக்குள் செருகும் சிறு பெட்டி) 450 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். முழுக்க உலோகம், கையில் நன்றாக இருக்கிறது. தோழியின் புது பிளாஸ்டிக் பிஸ்டலைச் சுட்டபோது கை மிகவும் வலித்தது. ஆனால் 3913 தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிவிட்டது என்று என் கணவர் தயங்குகிறார். மேகசினைக் கழற்றிவிட்டால் அது சுடவே சுடாது என்று பெரியவர் சொன்னார். வீட்டில் 14 வயது மகன் இருப்பதால் எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். மேகசினைத் தனியாக வைத்துவிட்டு, பிஸ்டலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். என் தம்பியும் எச்-1பி விசாவில் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாங்குகிறீர்களோ இல்லையோ, "மேகசினைக் கழற்றினால் சுடாது" என்பதை நம்பி உங்கள் வீட்டில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக் கூடாது.

பெரியவர் பொய் சொல்லவில்லை. 3913-இல் அப்படி ஒரு அமைப்பு உண்டு. மேகசின் உள்ளே இல்லாதபோது டிரிக்கருக்கும், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹேமருக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். இழுத்தாலும் ஹேமர் விழாது. ஆனால் மேகசினைக் கழற்றும்போது மேகசினில் இருக்கும் தோட்டாக்கள்தான் வெளியே வருகின்றன. ஏற்கெனவே ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேல்புறம் முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுத்து விட்டிருந்தால் குழலின் பின்முனையில், சேம்பரில், ஒரு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த பிஸ்டலுக்குள் யாராவது மேகசினைச் செருகினால், அது காலி மேகசினாக இருந்தாலும், அந்த ஒரு தோட்டா சுடும். 14 வயதுப் பையனுக்கு மேகசினைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்றும் உண்டு. அந்த அமைப்பைப் பிடிக்காத பலர், உள்ளே இருக்கும் சின்ன உறுப்பைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என் பட்டறைக்கு வந்த இந்த வகை பிஸ்டல்களில் அப்படிச் செய்யப்பட்டவற்றை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். விற்கிறவருக்கே தெரியாமல் இருந்தது; அவர் வாங்குவதற்கு முன்பே யாரோ செய்த வேலை அது. இதைச் சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். ஆனால் சோதனையில் சரியாக இருந்தாலும் அது உங்கள் மகனுக்கான பாதுகாப்பு ஆகாது. விரல் ரேகையிலோ எண் பொத்தான்களிலோ திறக்கும் ஒரு சிறிய எஃகுப் பெட்டிதான் பாதுகாப்பு. டெக்சாஸில் சுடும் நிலையில் உள்ள துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டம் இருக்கட்டும், உங்கள் பிள்ளைக்காகச் சொல்கிறேன். பெட்டி வாங்காமல் பிஸ்டல் வாங்காதீர்கள்.

இனி பிஸ்டலுக்கு வருவோம்.

அது நல்ல பிஸ்டல். இருபது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்ப்பதும் சுடக் கற்றுக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு. இந்த மாதிரியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் மரியாதையோடு பேசுகிறவன் நான். 1950-களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த மாடல் 39-இன் பேரப்பிள்ளை இது. 1967-இல் இல்லினாய் மாநிலக் காவல்துறை ரிவால்வரை விட்டு அந்த மாடல் 39-க்கு மாறியது பெரிய செய்தியாக இருந்தது. அந்த வரிசையின் மூன்றாம் தலைமுறையில், 1990-ஐ ஒட்டி, மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே சிறிதாக்கி வெளியிட்டதுதான் 3913. இதையே லேடிஸ்மித் என்ற பெயரிலும் விற்றார்கள். எண்ணைப் பிரித்துப் படிக்கலாம்: 39 என்றால் ஒற்றை வரிசை மேகசின் கொண்ட 9 எம்.எம்.; அடுத்த 1 சிறிய அளவைக் குறிக்கும்; கடைசி 3, அலுமினியக் கலவைச் சட்டகமும் துருப்பிடிக்காத எஃகு ஸ்லைடும் என்று பொருள். அதே பிஸ்டல் கறுப்பு நிறத்தில் வந்தால் 3914.

நீங்கள் எழுதிய "முழுக்க உலோகம்" ஏறக்குறையச் சரிதான். அதில் முக்கால்வாசி எஃகு என்று மட்டும் எண்ண வேண்டாம். கைப்பிடிக்குள் இருக்கும் எலும்பும் குழலுக்குக் கீழே நீளும் பகுதியும் அலுமினியம். கைப்பிடி மேல் சுற்றியிருப்பது பிளாஸ்டிக். காலி பிஸ்டல் சுமார் 25 அவுன்ஸ், அதாவது 700 கிராம். குழல் மூன்றரை அங்குலம். மேகசினில் எட்டு தோட்டா, சேம்பரில் ஒன்று.

உங்கள் தோழியின் பிஸ்டல் ஏன் கையைக் கடித்தது என்பதற்கும் இந்த 700 கிராமுக்கும் தொடர்பு உண்டு. இன்று கடைகளில் அதிகம் விற்கும் சிறிய பிஸ்டல்கள், 2018-இல் வந்த சிக் பி365 போன்றவை, 500 கிராம்தான். தோட்டா ஒன்றே; அது பின்னால் தள்ளும் விசையும் ஒன்றே. தள்ளப்படும் எடை குறைந்தால் அது இன்னும் வேகமாகக் கைக்கு வரும். அந்த 200 கிராம் வித்தியாசம் இருபதாவது தோட்டாவில்தான் தெரியும், உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டில். வலிக்கிற பிஸ்டலை யாரும் பயிற்சிக்கு எடுத்துப் போவதில்லை. ஆகவே உங்கள் கை சொன்னதை நான் மதிக்கிறேன்.

ஆனால் எடைக்கு இன்னொரு முகமும் உண்டு. காலை முதல் இரவு வரை இடுப்பில் இருப்பதும் அதே 700 கிராம்தான், தோட்டாவோடு சேர்த்தால் இன்னும் கூடும். நைந்த பெல்ட் தாங்காது. 1990-இல் 3913-ஐச் சின்னது என்றார்கள். இன்றைய அளவுகோலில் அது நடுத்தரம். அதே அகலத்தில், அதைவிடக் குட்டையாக, பத்து தோட்டா கொள்ளும் பிஸ்டல்கள் இப்போது வந்துவிட்டன. உங்கள் கணவரின் தயக்கத்தில் இந்த நியாயம் இருக்கிறது.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம், தயாரிப்பு நின்றது. 3913-இன் தயாரிப்பு 1990-களின் கடைசியில் நின்றது. டி.எஸ்.டபிள்யூ. என்ற அதன் இன்னொரு வடிவம் இன்னும் சில வருடம் ஓடியது. உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்வது மிகை. எளிதாகக் கிடைக்கும் என்பதும் தவறு. ஸ்பிரிங்குகளை இன்றும் வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன. உல்ஃப் என்ற பெயரை விசாரித்தால் போதும். ஸ்பிரிங்தான் தேயும் பொருள், அது கிடைப்பது பெரிய நிம்மதி. கஷ்டம் வருவது எக்ஸ்ட்ராக்டர் (வெடித்த தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி), லீவர், ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் பாகம்) போன்றவற்றில். அவற்றைப் பழைய பிஸ்டல்களைப் பிரித்து விற்பவர்களிடம் தேட வேண்டும். ஒரு பாகத்துக்காக நான்கு வாரம் காத்திருக்க வேண்டி வந்தால் அந்த நான்கு வாரமும் உங்கள் கையில் பிஸ்டல் இல்லை. உறையும் அப்படித்தான், கடையில் தொங்குவதை வாங்கிவிட முடியாது, சொல்லிச் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பணத்தாலும் பொறுமையாலும் சமாளிக்கக்கூடியவை. நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயத்துக்கு. இரண்டும் உங்கள் கையைச் சேர்ந்தவை.

முதலாவது, முதல் இழுப்பு. 3913 டபுள் ஆக்‌ஷன் பிஸ்டல். ஹேமர் கீழே இருக்கும் நிலையில் எடுத்துச் செல்வீர்கள். முதல் தோட்டாவுக்கு டிரிக்கரை இழுக்கும்போது அந்த ஒரே இழுப்பில் ஹேமர் மேலேறி விழ வேண்டும். நீளமான, கனமான இழுப்பு. அது சுட்டதும் ஸ்லைடு பின்னால் வந்து ஹேமரைத் தானே ஏற்றிவிடும். இரண்டாவது தோட்டாவுக்கு இழுப்பு குட்டை, எடையும் பாதிக்குக் கீழே. ஆக, ஒரே பிஸ்டலுக்குள் இரண்டு டிரிக்கர். பயிற்சி இல்லாத வலது கைக்காரர்களின் முதல் தோட்டா இலக்கின் கீழே இடப்பக்கம் போகும். கனமான இழுப்பில் மொத்தக் கையும் இறுகிப் பிஸ்டலைச் சாய்த்துவிடுவதால் வருவது அது. இரண்டாவது தோட்டா அவர்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே வெடித்துவிடும். உங்களுக்குத் தேவைப்படக்கூடிய தருணத்தில் முதல் தோட்டாதான் முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நீள இழுப்புக்காகவே இந்த பிஸ்டலை விரும்புகிறவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். உறைக்குள் வைக்கும்போது சட்டை நுனியோ நாடாவோ டிரிக்கரில் மாட்டினால், லேசான டிரிக்கர் மன்னிக்காது. இது மன்னிக்கும். கட்டைவிரலை ஹேமரின் பின்புறம் வைத்துக்கொண்டே உறைக்குள் இறக்கலாம். டிரிக்கர் எதிலாவது மாட்டினால் ஹேமர் எழுவது விரலில் தெரியும்.

உங்களுக்குச் சின்னக் கை என்று நினைக்கிறேன். தோழியின் பிஸ்டலில் வலித்த இடத்தை நீங்கள் சொல்லியிருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன். காலி பிஸ்டலைச் சரியாகப் பிடியுங்கள்: முன்கை எலும்பும் குழலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரலை டிரிக்கரில் வையுங்கள். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை முழுசாக டிரிக்கரில் படிந்தால் நல்லது. நுனி மட்டும் தொட்டால், அல்லது எட்டுவதற்காகக் கையைச் சுழற்ற வேண்டியிருந்தால், அந்த பிஸ்டல் உங்களுடையது அல்ல. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

இரண்டாவது, லீவர். ஸ்லைடின் பின்பக்கம் ஒரு சிறிய லீவர் இருக்கும். கீழே அழுத்தினால் மேலே நிற்கும் ஹேமர் பத்திரமாகக் கீழே விழும். லீவர் கீழேயே இருக்கும்வரை டிரிக்கர் வேலை செய்யாது. மேலே தூக்கினால் சிவப்புப் புள்ளி தெரியும், பிஸ்டல் தயார். காகிதத்தில் படிக்க அழகாக இருக்கிறது. என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

இதே குடும்பத்து பிஸ்டலோடு ஒருவர் வந்திருந்தார். நன்றாகச் சுடுகிறவர். மேகசினுக்குள் அவருக்குத் தெரியாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைப் போட்டு வைத்தேன். சுடாமல் நின்றால் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு. நின்றது. அவர் கற்றுக்கொண்டபடியே இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து, அதன் பின்பகுதியை அழுத்திப் பிடித்து, வேகமாக இழுத்து விட்டார். போலித் தோட்டா தெறித்து வெளியே விழுந்தது, புதிது உள்ளே ஏறியது. டிரிக்கரை இழுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். மறுபடியும் இல்லை. உள்ளங்கையின் விளிம்பு லீவரையும் சேர்த்துக் கீழே தள்ளியிருந்தது. அவர் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நான்கைந்து வினாடியில் அவர் முகத்தில் இருந்த குழப்பம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த பிஸ்டலை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: ஸ்லைடை இழுத்து விட்டதும் வலது கட்டைவிரல் லீவரைத் தானாக மேலே தட்ட வேண்டும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆயிரம் முறை செய்தால்தான் அது தானாக வரும். வீட்டில் காலி பிஸ்டலோடு தினம் பத்து நிமிடம், ஒரு மாதம். உங்களால் முடியுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடியாதென்றால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. லீவர் இல்லாத, ஒரே மாதிரி டிரிக்கர் கொண்ட ஒரு பிஸ்டலை, கொஞ்சம் கனமான அளவில், வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

லீவருக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. அதைக் கீழே வைத்துக்கொண்டே ஸ்லைடை இழுத்துத் தோட்டா ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றும்போது ஹேமரும் கூடவே இறங்கிவிடும். ஏற்றிய ஹேமரோடு பிஸ்டல் உங்கள் கையில் இருக்கும் கணமே வராது. தோட்டா ஏறியதும் லீவரை மேலே தூக்கி உறையில் வைக்கலாம். எந்த நிலையில் எடுத்துச் செல்வது என்று பயிற்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் லீவரை மேலே வைத்துத்தான் எடுத்துச் செல்லச் சொல்வேன். கனமான முதல் இழுப்பே போதுமான காவல். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று மட்டும் வேண்டாம்.

ஸ்லைடை இழுக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கிறேன். இந்த பிஸ்டலில் ஹேமர் கீழே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கோடு ஹேமர் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பிஸ்டலை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, குழல் முன்னால் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க, இடது கையால் ஸ்லைடை அசையாமல் பிடித்து, வலது கையால் சட்டகத்தை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில் நமக்கு வலு அதிகம்.

இப்போது பெரியவரிடம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பிஸ்டல். மாதிரி நல்லது என்பதால் கையில் இருப்பது நல்லது என்று ஆகாது. அவர் எத்தனை தோட்டா சுட்டார், எங்கே வைத்திருந்தார், ஸ்பிரிங்கை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். "பத்து வருஷமாத் தொடவே இல்லம்மா" என்பது நல்ல பதில் என்று நினைத்துவிட வேண்டாம். போன வருடம் அப்படித் தலைமாட்டு மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு 3913 என்னிடம் வந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. ஹேமர் விழுந்தது, தோட்டா வெடிக்கவில்லை. தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னை வெளியே எடுத்தேன். அது ஓடும் துளைக்குள் பழைய எண்ணெய் காய்ந்து, வெல்லப்பாகு இறுகியது போல் பழுப்பாக ஒட்டியிருந்தது. அதில் தூசியும் நூலும் அப்பியிருந்தன. பின் நகர்ந்தது, ஆனால் வேகம் இல்லை. அரை மணி நேரம் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. அதன் சொந்தக்காரர் அதை நம்பித்தான் ஆறு வருடம் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறார்.

நீங்களே பார்க்கக்கூடியவை கொஞ்சம் உண்டு. முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு மேகசின் இல்லாமல் ஸ்லைடை விட்டு, சுவர் அல்லாத பாதுகாப்பான பக்கம் நோக்கி டிரிக்கரை இழுங்கள். ஹேமர் விழக் கூடாது. விழுந்தால் நான் சொன்ன அந்த உறுப்பை யாரோ எடுத்துவிட்டார்கள். அப்படியானால் வேறு எதையெல்லாம் தொட்டார்களோ என்ற கேள்வியும் எழும். அடுத்து காலி மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து, லீவரைக் கீழே தட்டுங்கள். ஹேமர் விழ வேண்டும். லீவர் கீழே இருக்கும்போது டிரிக்கர் வலுவில்லாமல் ஆட வேண்டும், ஹேமர் அசையக் கூடாது.

மீதியை ஒரு கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம், விடுங்கள். ஸ்லைடைக் கழற்றி, சட்டகத்தின் தண்டவாளங்களை லென்ஸில் பார்ப்பார். அலுமினியத்தின் மேல்பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிவது சகஜம். உலோகம் சுரண்டி இழுபட்டிருந்தாலோ, ஸ்லைடு ஸ்டாப் துளையை ஒட்டி மயிரிழை விரிசல் இருந்தாலோ பிஸ்டலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எஃகில் விழும் விரிசலுக்கு மருந்து உண்டு, அலுமினியச் சட்டகத்தில் விழுந்தால் இல்லை. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடையாமல் இருக்கிறதா, குழலுக்குள் வளையம் போல் வீங்கிய இடம் எதுவும் இருக்கிறதா, மேகசினின் உதடுகள் நெளிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். குறிபார்க்க உதவும் பின்பக்க சைட்டை நீங்களாகத் தட்டிக் கழற்ற வேண்டாம். அதன் கீழேதான் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் சிறிய பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. துள்ளி எங்காவது போய்விட்டால் அந்தக் காவலே போயிற்று.

அதன் பிறகு 200 தோட்டா. 150 சாதாரணப் பயிற்சித் தோட்டா, 50 நீங்கள் எடுத்துச் செல்லப்போகும், முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா. இரண்டு மேகசினிலும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். எந்த மேகசினில் சிக்கியது என்று எழுதிவையுங்கள். பாதித் தொல்லை மேகசினில்தான் இருக்கும். சாதாரண அழுத்தத் தோட்டாவே போதும், அதிக அழுத்தத் தோட்டாவைப் போட்டு வயதான அலுமினியத்தைச் சோதிக்க வேண்டாம். கடைசி 50-இல் ஒரு சிக்கல்கூட வராவிட்டால் நான் அந்த பிஸ்டலை நம்புவேன்.

450 டாலர் நியாயமான விலைதான், எல்லாம் சரியாக இருந்தால். ஆனால் கணக்கை அங்கே முடிக்காதீர்கள். ஸ்பிரிங்குகள், கன்ஸ்மித் கூலி, உறை, நல்ல பெல்ட், எஃகுப் பெட்டி, தோட்டா, வகுப்பு எல்லாம் சேர்ந்தால் இன்னொரு பிஸ்டல் விலை வந்துவிடும். புதிது வாங்கினாலும் இவற்றில் பெரும்பாலானவை வேண்டும் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கைப்பை வேண்டாம். கைப்பையைத்தான் திருடன் முதலில் பிடுங்குவான். பிடுங்கியதும் பிஸ்டல் அவனுடையது. மருந்துக்கடையில் அதை நாள் முழுக்கக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் முடியாது. அதோடு நம்மவர்களுக்கே உரிய ஒரு ஆபத்து: அதே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவீர்கள். பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. தெரியாமல் வந்தது என்று நிரூபிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும். துப்பாக்கிக்கென்று இருக்கும் பை, துப்பாக்கிக்கென்று மட்டுமே இருக்கட்டும். எடுத்துச் செல்வதென்றால் டிரிக்கர் முழுசாக மூடிய உறையில், இடுப்பில்.

வேலையிடத்தில் உங்கள் நிறுவனம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குள் துப்பாக்கி கூடாது என்று முதலாளி விதிக்கலாம். ஆனால் 2011 முதல் டெக்சாஸில், சட்டப்படி வைத்திருப்பவர் தன் பூட்டிய காருக்குள் அதை வைப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. காரில் வைப்பதென்றால் இருக்கையோடு கம்பிவடத்தால் பிணைத்த பெட்டிக்குள் வையுங்கள். வெறும் டேஷ்போர்டு அறை திருடர்களுக்குத் திறந்த கதவு.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை இல்லாதவர்களுக்கு டெக்சாஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. ஆனாலும் உரிமம் எடுங்கள். கட்டணம் 40 டாலர்தான். வகுப்பில் எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்வார்கள். 3, 7, 15 கஜத்தில் 50 தோட்டா சுடும் தேர்வு இருக்கும். பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள மத்தியச் சட்டத் தடையிலும் உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. தினமும் மகனைப் பள்ளியில் விடுகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. வேறு மாநிலங்களுக்குக் காரில் போகும்போதும் அந்த அட்டை உதவும். பெரியவரும் நீங்களும் ஒரே மாநிலத்தவர் என்பதால் நேரடியாகக் கைமாற்றலாம். நான் சொல்வது, உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே மாற்றுங்கள், சிறு தொகைதான் ஆகும். பின்னணிச் சரிபார்ப்பு நடந்து, வரிசை எண்ணோடு ஒரு பதிவும் இருக்கும்.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போகிற போக்கு அல்ல. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பெரும் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அவற்றை நம்பி நடக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். பிஸ்டல் உங்களுடையதாக இருந்தாலும், பெட்டியின் எண் அவருக்குத் தெரிந்திருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியும் என்றால், அது அவர் வசம் இருப்பதாகவே வாதிட இடம் உண்டு. தம்பிக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். ஆசையாகக் கேட்கிறான் என்று சுடும் இடத்துக்கு அழைத்துப்போய்க் கையில் கொடுக்காதீர்கள். அங்கே எடுக்கும் ஒரு புகைப்படம் பின்னால் அவருடைய கிரீன் கார்டு கோப்பில் வந்து உட்காரலாம்.

இரவில் வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை இறக்கி, காலையில் மறுபடி ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. பத்திரமாக இருக்கட்டுமே என்று செய்வது. ஆனால் தவறுதலாக வெடிப்பது பெரும்பாலும் அப்படி ஏற்றி இறக்கும் நேரத்தில்தான். ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றினால் அதன் முனை பித்தளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அழுத்தம் ஏறும். பிஸ்டலை உறையை விட்டு எடுக்காமல், உறையோடு அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். மகன் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் முடிவு இது. விரல் டிரிக்கரில் சரியாக எட்டி, கன்ஸ்மித் பார்த்து ஒப்புக்கொண்டு, 200 தோட்டா சிக்கலில்லாமல் ஓடினால் வாங்குங்கள். இதில் ஒன்று தவறினாலும் வேண்டாம். பெரியவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். சுட்டுப் பார்க்கப் போகும்போது இரண்டு மேகசினையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு இன்னொன்றை நம்பி வீட்டுக்கு எடுத்து வந்துவிடக் கூடாது.